போட்டோஷாப்புக்கு முந்தைய போட்டோ ஷாப்

இன்றைக்குக் கைப்பேசியில் படம் எடுத்த மறு நிமிடமே பேரப்பிள்ளைகள் அதைப் பழுப்பு நிறமாக்குகிறார்கள், பென்சில் ஓவியமாக்குகிறார்கள், பின்னால் நிற்கும் மின்கம்பத்தை அழித்துவிட்டு அங்கே ஒரு மலையை வைக்கிறார்கள். "இதெல்லாம் உங்க காலத்துல ஏது தாத்தா?" என்று கேள்வி வேறு. ஏன் இல்லை? பெரம்பலூரிலும் அரியலூரிலும் கடைவீதியில் ஸ்டுடியோ வைத்திருந்தவர்கள் இந்த வித்தைகளில் பெரும்பாலானவற்றைப் பென்சில், பிளேடு, பிரஷ், கறுப்பு அட்டை இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு செய்தவர்கள்தான். அவர்களுக்கு முன்னாலும் ஒரு நூறு ஆண்டுக் கதை இருக்கிறது. அதைக் கொஞ்சம் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

போட்டோ எடுக்கும் முறையை உலகத்துக்கு அறிவித்தது 1839-ல், பாரிஸ் நகரத்தில். அடுத்த பதினாறே ஆண்டில் அதைத் திருத்தும் வித்தையும் அதே ஊரில் அரங்கேறிவிட்டது. 1855-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில், ம்யூனிக் நகரத்தைச் சேர்ந்த ஹான்ஃப்ஸ்டேங்கல் என்பவர் ஒரே ஆளின் படத்தைத் திருத்துவதற்கு முன், திருத்திய பின் என்று இரண்டாக வைத்துக் காட்டினார். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். அதற்குப் பிறகு முகத்தில் இருக்கும் தழும்போடு படம் எடுத்துக்கொள்ள யார் சம்மதிப்பார்கள்?

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு ஸ்டுடியோக்காரர்களின் பேச்சைக் கேட்கும்போது ஒரு தனி வேடிக்கை உண்டு. அவர்கள் 'டச்சிங்' என்று சொன்னது பிரெஞ்சில் 'ரெத்தூஷ்'. முகத்தைச் சுற்றி வெள்ளையாகக் கரைந்துபோகும்படி போடும் படத்துக்கு 'விக்னெட்' என்பார்கள். அது 'விஞ்ஞெத்', அதாவது சின்னத் திராட்சைக் கொடி. பழைய புத்தகங்களில் சட்டம் இல்லாமல் ஓரம் கரைய வரைந்த கொடி அலங்காரத்துக்கு இருந்த பெயர் போட்டோவுக்கு வந்துவிட்டது. நெகட்டிவுக்குப் பிரெஞ்சில் 'க்ளிஷே' என்று பெயர். ஒன்றிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம் அல்லவா? அதனால்தான் தேய்ந்துபோன பேச்சுக்கும் அதே சொல்.

இந்த வித்தை நம் பக்கம் வர அதிக காலம் பிடிக்கவில்லை. மதராஸ் ராணுவத்தில் கேப்டனாக இருந்த லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயரை 1856-ல் மதராஸ் அரசாங்கம் போட்டோ எடுப்பதற்கென்றே நியமித்தது. 1858-ன் தொடக்க மாதங்களில் அவர் மாட்டுவண்டிக் காலத்துச் சாலைகளில் ஸ்ரீரங்கம், திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை என்று சுற்றிப் படம் எடுத்தார். கொள்ளிடத்தைத் தாண்டினால் நமக்குத் தஞ்சாவூர். அந்தப் பெரிய கோயிலில் அவர் செய்த வேலை ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை ஒரே படத்தில் அடக்க முடியாது. பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக ஆக்கினார். கைப்பேசியில் 'பனோரமா' என்று விரலால் இழுக்கிறோமே, அதன் மூதாதை இதுதான்.

அதே ட்ரைப் இன்னொன்றும் செய்தார். அந்தக் காலத்து மருந்துக்கு நீல நிறம் மிகக் கூர்மையாகப் படும். அதனால் ஆகாயம் வெறும் வெள்ளையாக வந்து நிற்கும். ட்ரைப் தன் காகித நெகட்டிவின் மேல் பிரஷ்ஷால் சாயம் தீட்டி, இல்லாத மேகங்களை உண்டாக்கினார். சரியாகப் பதியாத மர இலைகளையும் திருத்தினார். கல்வெட்டு வேலை ஆதாரத்துக்காக. மேக வேலை அழகுக்காக. இரண்டும் ஒரே கையால் நடந்தது. போட்டோவைத் திருத்துவதில் இன்று வரைக்கும் உள்ள வழக்கு இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

சரி, நம்மூர் ஸ்டுடியோவுக்கு வருவோம். 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமாவதற்கு முன் இரண்டு ஊர்களும் திருச்சி மாவட்டத்து ஊர்கள்தான். ஸ்டுடியோ என்றால் முன்னால் ஒரு கண்ணாடி அலமாரி, உள்ளே மாடிப்படியும் பூந்தொட்டியும் வரைந்த திரை, சீப்பு, பவுடர் டப்பா, யாருக்கும் பொருந்தாத ஒரு கோட்டு. அதற்கும் பின்னால் சிவப்பு பல்பு எரியும் இருட்டறை. இருட்டறை பக்கத்தில் சாய்வான சின்ன மேஜை ஒன்று இருக்கும். நடுவில் மங்கல் கண்ணாடி, கீழே வெளிச்சத்தை மேலே திருப்பும் முகம் பார்க்கும் கண்ணாடி. அதுதான் டச்சிங் மேஜை.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் என்பது உங்களுக்குத் தெரியும். படத்தில் கறுப்பாக வரும் சுருக்கம், நெகட்டிவில் கண்ணாடி மாதிரித் தெளிவான கோடாக இருக்கும். அந்தக் கோட்டின் மேல் ஊசிபோலக் கூராகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து நிரப்பினால் வெளிச்சம் அங்கே குறைவாக இறங்கும். பிரிண்டில் சுருக்கம் மறைந்துவிடும். பென்சில் வழுக்காமல் பிடிக்க முதலில் ஒரு பிசின் மருந்தைத் தடவிக்கொள்வார்கள். கறுப்பாக வர வேண்டிய இடத்துக்கு எதிர் வேலை: பிளேடு நுனியால் மருந்தை மெல்லச் சுரண்ட வேண்டும். மெலிந்த மீசை அடர்த்தியானது இப்படித்தான். பின்னால் நிற்கும் ஆளையோ சுவரையோ நீக்க வேண்டுமானால் சிவப்பு ஒபேக் சாயத்தைப் பூசி அடைத்துவிடுவார்கள். பிரிண்டில் அந்த இடம் வெறும் வெள்ளை. கை ஒரு நூல் தவறினால் முகம் போச்சு. முந்தைய நிலைக்குத் திரும்பும் பொத்தான் எதுவும் அந்த மேஜையில் கிடையாது.

அடுத்த கட்டம் என்லார்ஜரின் கீழே. முகம் இருண்டு போகும் என்று தெரிந்தால், கம்பி நுனியில் ஒட்டிய வட்ட அட்டையை வெளிச்சத்தின் குறுக்கே ஆட்டிக்கொண்டே இருப்பார். முகத்தில் வெளிச்சம் குறைந்து, பிரிண்டில் வெளுப்பாக வரும். வேட்டி வெளுத்துப் போகுமானால் கையைக் குவித்து நடுவில் ஓட்டை விட்டு, அந்த இடத்துக்கு மட்டும் வெளிச்சத்தைக் கூட்டுவார். மெல்லிய துணியைக் குறுக்கே பிடித்தால் முகம் பனிமூட்டம்போல் மென்மையாகும். ஓட்டை போட்ட அட்டையை அசைத்துக்கொண்டே பிரிண்ட் போட்டால் விக்னெட். பழுப்பு நிறம் வேண்டுமானால் பிரிண்டை முதலில் ஒரு மருந்தில் வெளுத்து, பிறகு சோடியம் சல்ஃபைடில் போட வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் தெருவுக்கே வரும். ஆனால் படத்திலுள்ள வெள்ளி, வெள்ளி சல்ஃபைடாக மாறி அதிக நாள் கெடாமல் நிற்கும். இன்றைக்குக் கைப்பேசியில் 'செபியா' என்று அழகுக்காகத் தொடுகிறோம். அந்தப் பழுப்பு படத்துக்கு ஆயுளும் கொடுத்தது.

ஒரே ஆள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து தன்னோடு தானே பேசுகிற படமும் உண்டு. லென்ஸின் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒரு தடவை, மறு பாதியை மறைத்து இன்னொரு தடவை, அதே நெகட்டிவில். 1940-ல் வந்த மாடர்ன் தியேட்டர்ஸ் 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் வந்தபோது ஜனங்கள் வாய் பிளந்தார்கள். அடிப்படையில் இரண்டும் ஒரு ஜாதி வித்தைதான்.

கலர் பிலிம் நம் பக்கம் பரவுவதற்கு முன்னால், கலர் படம் என்றால் கறுப்பு வெள்ளை பிரிண்டின் மேல் கையால் தீட்டிய படம். குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றிக் கன்னத்துக்குச் சிவப்பு, மெல்லிய பிரஷ்ஷால் புடவைக் கரைக்கு அரக்கு, தோட்டுக்கு மஞ்சள். வெறுங்கழுத்தில் இரட்டைவடச் சங்கிலி ஏறியதும் உண்டு. ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் 'இந்து' காகிதம் 1967-க்குப் பிறகு வந்தது. எத்தனையோ கல்யாணங்கள் அந்தக் காகிதத்தில்தான் வாழ்கின்றன.

இதையெல்லாம் அழகுக்காக மட்டும் செய்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. உயிரோடு இருக்கும்போது ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாதவர் இறந்தால், உட்கார வைத்துப் படம் எடுத்து, மூடிய கண்களைப் பிரஷ்ஷால் திறந்து கொடுப்பார்கள். கல்யாணக் கூட்டப் படத்தில் மூன்றாவது வரிசையில் கடுகளவு தெரிந்த அம்மாவைத் தனியே பெரிதாக்கி, பாதி முகத்தை ஊகத்தால் நிரப்பி, பொட்டு வைத்துத் தருவார்கள். என்றைக்கோ போய்ச் சேர்ந்த கணவரையும், கிழவியாகிவிட்ட மனைவியையும் ஒரே பெஞ்சில் உட்கார வைப்பார்கள். அவர் இருபத்தைந்து வயது, அந்த அம்மாள் அறுபது. வீட்டில் யாரும் அதைப் பார்த்துச் சிரித்ததில்லை. விளக்கேற்றிக் கும்பிட்டார்கள்.

ஆனால் அதே ஒட்டு வேலை ஓர் அலுவலகக் கோப்பில் வந்தால் விஷயம் வேறு. ஓய்வூதியக் கருத்துருவோடு கணவன் மனைவி சேர்ந்து எடுத்த படம் வைக்க வேண்டும் என்பது எங்கள் உத்தியோகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். மனைவி வெளியூரில் இருக்கிறார், உடம்பு முடியவில்லை என்று சிலர் இரண்டு தனிப் படங்களை ஒன்றாக்கிக் கொண்டுவருவார்கள். கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை. ஒருவர் மூக்கின் நிழல் இடப்பக்கம் விழும், மற்றவருக்கு வலப்பக்கம். சேர்ந்து போய் ஒரு படம் எடுத்துவாருங்கள் ஐயா என்று திருப்பிக் கொடுப்போம். பூஜையறையில் கும்பிடத்தக்க படம், மேஜையில் செல்லாத படம். குற்றம் படத்தில் இல்லை. ஆதாரமா, ஆசையா என்பதுதான் கேள்வி.

கம்ப்யூட்டர் எப்போது வந்தது? அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த தாமஸ் நோல் என்ற ஆராய்ச்சி மாணவர் 1987-ல் ஒரு புரோகிராம் எழுதத் தொடங்கினார். சினிமாவில் தந்திரக்காட்சி வேலை பார்த்த அவர் சகோதரர் ஜான் கூடச் சேர்ந்துகொண்டார். 1990-ல் அடோபி கம்பெனி அதைப் 'போட்டோஷாப்' என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவர்களுடைய அப்பா வீட்டு நிலவறையில் ஒரு இருட்டறை வைத்திருந்தார். தாமஸ் அங்கேதான் பிரிண்ட் போடக் கற்றவர். அதனால்தான் அந்தப் புரோகிராமில் வெளுக்கச் செய்யும் கருவிக்குக் கம்பியில் ஒட்டிய வட்ட அட்டை சின்னம். கறுக்கச் செய்யும் கருவிக்குக் குவித்த கை சின்னம். பெயர்களும் 'டாட்ஜ்', 'பர்ன்' என்று இருட்டறையில் வழங்கிய அதே பெயர்கள். 2002-ல் வந்த ஏழாவது பதிப்பில் தழும்பைத் தானே ஆற்றும் பிரஷ்ஷும் வந்தது. டச்சிங் மேஜை அதோடு மூலைக்குப் போயிற்று.

மேஜை போனதில் எனக்கு வருத்தமில்லை. காலம் மாறும். கூடவே போனவைதான் மனதை உறுத்துகின்றன. கண்ணாடி நெகட்டிவ்களின் மருந்தைச் சுரண்டிவிட்டுச் சாமி படத்துக்குச் சட்டம் போடப் பயன்படுத்தினார்கள். பிலிம் நெகட்டிவ்களை அதிலுள்ள வெள்ளிக்காக எடைக்குப் போட்டார்கள். மிஞ்சியதைக் கரையானும் ஈரமும் பார்த்துக்கொண்டன. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் 1880 முதல் 1980 வரை எடுத்த படங்களைத் தேடி, ஆயிரக்கணக்கில் கணினியில் ஏற்றிவைத்திருக்கிறது. பெரிய காரியம். ஆனால் ஒவ்வொரு வீட்டுப் பரணுக்கும் அவர்கள் வர முடியாது.

இப்போது புதிதாக ஒரு ஆபத்து. மங்கிய படத்தைக் கொடுத்தால் நொடியில் பளபளவென்று கலரில் திருப்பித் தருகிற செயலிகள் வந்துவிட்டன. டச்சிங் பார்த்தவர் கொள்ளுப்பாட்டியைப் பார்த்திருக்கலாம். இல்லாவிட்டால் பக்கத்தில் நின்ற மகள், "மூக்கு இன்னும் கொஞ்சம் சப்பை, ஐயா" என்று சொல்லியிருப்பாள். இந்தச் செயலிக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. எங்கேயோ பார்த்த ஆயிரம் மூக்குகளிலிருந்து ஒரு மூக்கை எடுத்து வைத்துவிடும். பத்து வருடம் கழித்து அதுதான் நம் பாட்டி என்று பேரன் நம்புவான்.

எனவே நண்பர்களே, மூன்று வேலை செய்யுங்கள். பழைய படத்தை எதுவும் திருத்துவதற்கு முன் உள்ளபடியே ஸ்கேன் செய்து, அந்தக் கோப்பைத் தனியே வையுங்கள். திருத்திய பிரதியைக் கோப்பின் பெயரிலேயே 'திருத்தியது' என்று குறியுங்கள். அசல் படத்தின் பின்புறம், மெத்தென்ற பென்சிலால், அழுத்தாமல், யார், எந்த ஊர், எந்த வருடம் என்று எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். மவுண்ட் அட்டையின் மூலையில் ஸ்டுடியோ பெயர் அச்சாகியிருந்தால் அதையும் வெட்டிவிடாதீர்கள். அந்தப் பென்சில் பிடித்தவரின் பெயர் எந்தப் படத்திலும் இல்லை. அந்த மூலை ஒன்றுதான் அவருடைய கையெழுத்து.