ஐப்பசியில் பிள்ளையை யார் வைத்திருந்தது?

பள்ளிக்கூடப் புத்தகத்தில் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களுக்கு ‘இலையுதிர் காலம்’ என்று போட்டிருந்தது. பக்கத்திலேயே சிவப்பு இலைகள் உதிரும் ஒரு படம். கீழத்தஞ்சையில் எங்கள் தெருவில் அந்த மாதங்களில் இலை உதிர்ந்து நான் பார்த்ததில்லை. கூரைக் கீற்றுதான் உதிரும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதத்துக்கும் தமிழில் கூதிர் என்று தனியாக ஒரு பருவப் பெயர் உண்டு. சங்கப் பாட்டில் கூதிர் என்றால் அரண்மனையும் பாசறையும் வரும். சேரியில் கூதிர் என்றால் அடைமழை, நடவு, ஈரச் சுள்ளி, அழுகிற பிள்ளை.

இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளையைப் பற்றியது. பண்ணையாள் முறையைப் பற்றி நம்மிடம் நிறைய எழுத்து இருக்கிறது. சாட்டையடி, சாணிப்பால், கூலிப் போராட்டம், செங்கொடி எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன, எழுதப்பட வேண்டியவையும்தான். ஆனால் ஆணும் பெண்ணும் விடியலுக்கு முன்பே வயலில் இறங்கிவிட்டால், கைக்குழந்தையை யார் இடுப்பில் வைத்திருந்தார்கள் என்ற கேள்வியை நான் முதுகலை படித்த இரண்டு வருஷத்தில் ஒரு வகுப்பிலும் கேட்டதில்லை. எனக்கு விடை சொன்னவர் என் அப்பாயி, அப்பாவின் அம்மா. அவரும் கேட்டதால்தான் சொன்னார். அதெல்லாம் ஒரு வரலாறு என்று அவருக்கும் தோன்றியதில்லை.

டெல்டாவின் வேலைக் கணக்கைத் தெரிந்துகொண்டால்தான் ஐப்பசியின் நெருக்கடி புரியும். 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு ஜூன் மாதத்தில் தண்ணீர் திறப்பது ஓர் ஒழுங்குக்கு வந்தது. இருபோக நிலங்களில் அந்தத் தண்ணீரை நம்பிக் குறுவை நடுவார்கள். குறுவை அறுப்பு புரட்டாசிக் கடைசி, ஐப்பசியில் வந்து விழும். அறுத்த தாள் காய்வதற்குள் அதே வயலில் தாளடி நட வேண்டும். பக்கத்து வயலில் சம்பாவுக்குக் களை எடுக்க வேண்டும். இவை எல்லாமே வடகிழக்குப் பருவமழைக்குள் நடக்க வேண்டும். அறுப்பிலும் நடவிலும் களையெடுப்பிலும் பெண் கை இல்லாமல் எதுவும் நகராது. ஆக, வருஷத்தில் பிள்ளைக்குச் சளி பிடிக்கிற, வயிற்றுப்போக்கு வருகிற மாதம் எதுவோ, அதே மாதத்தில்தான் பண்ணைக்குத் தாய் கட்டாயமாக வேண்டும்.

கோடையிலாவது வரப்பு மேட்டுப் பூவரச மரத்தில் பழைய சேலையால் தூளி கட்டிப் போடலாம். ஐப்பசியில் அதற்கு வழியில்லை. பிள்ளை வீட்டில்தான் இருக்க வேண்டும். அப்பாயி சொன்ன ஏற்பாடு இது: “பொழுது விடியறதுக்குள்ள பால் குடுத்துட்டுப் போயிருவோம். வெயிலு ஏறுனாப்புறம், வெயிலு எங்க, மழதான், மாமியா புள்ளையச் சாக்குல போத்தித் தூக்கிக்கிட்டு வரப்புக்கு வரும். சேத்துக் கையக் கழுவிட்டு ஒக்காந்து குடுக்கணும். காரியக்காரரு குடைய புடிச்சிக்கிட்டு நிப்பாரு. எம்புட்டு நேரமாகுதுன்னு பாத்துக்கிட்டே நிப்பாரு.” காரியக்காரர் என்பவர் மிராசுதாருக்காக வேலை வாங்குகிறவர். ஒரு தாய் பால் கொடுக்கும் நேரத்தைக் கண்ணால் அளந்த அந்தக் குடைக்காரரைப் பற்றி எந்தப் பண்ணைக் கணக்கிலும் ஒரு வரி இருக்காது. கணக்கில் இருந்ததெல்லாம் மரக்கால் நெல். அதிலும் பெண்ணுக்கான அளவு ஆணுக்குரியதைவிடக் குறைவு.

அப்பாயியின் மாமியார் ஒருவரே எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துவிடவில்லை. எங்கள் மனையில் அப்போது மூன்று குடிசை. பெரியவர் குடும்பம் ஒன்று, தாத்தா குடும்பம் ஒன்று, புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்ட அத்தை ஒரு குடிசை. மூன்று அடுப்பு, ஒரு முற்றம். எந்தப் பிள்ளை எந்தக் குடிசையில் சாப்பிட்டது, எங்கே தூங்கியது என்பதற்குக் கணக்கே கிடையாது. பெரிய பாட்டி காய்ச்சலில் படுத்த ஒரு கார்த்திகையில் என் அப்பாவுக்குச் சித்திதான் தன் பிள்ளையோடு சேர்த்துப் பால் கொடுத்திருக்கிறார். அப்பா இன்றைக்கும் அந்தச் சித்தியைப் பேச்சில் ‘சின்னம்மா’ என்பதில்லை, ‘அம்மா’ என்றுதான் சொல்வார்.

இந்த இடத்தில் என் படிப்போடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. இராவதி கார்வே 1953-ல் எழுதிய உறவுமுறை பற்றிய நூலில் கூட்டுக் குடும்பத்துக்குச் சில அடையாளங்கள் சொல்கிறார்: ஒரே கூரை, ஒரே அடுப்பு, பொதுச் சொத்து, பொது வழிபாடு. இன்றைக்கும் தேர்வுக்கு இதைத்தான் எழுதுகிறோம். மிராசுதார் மண்ணில் குடிசை போட்டிருந்த பண்ணையாளிடம் பொதுச் சொத்துக்கு எங்கே போவது? ஒரே கூரை போட அந்த மனையில் இடம் எங்கே? 1951 முதல் 1953 வரை தஞ்சைக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்த கேத்லீன் கஃப், அக்கிரகாரத்தின் விரிந்த தந்தைவழிக் குடும்பத்தையும் சேரியின் சிறு குடும்பத்தையும் ஒப்பிட்டு எழுதினார். கஃப் நம் மக்களின் பக்கம் நின்ற அறிஞர், அவரைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் அந்த ஒப்பீடு வகுப்பறைக்கு வந்து சேரும்போது, ‘மேல்சாதிக்குக் கூட்டுக் குடும்பம், தலித்துக்குத் தனிக் குடும்பம்’ என்று ஒரு வாய்ப்பாடாகச் சுருங்கிவிடுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஒரே அடுப்பில் உண்பவர்களைத்தான் ஒரு குடும்பமாக எண்ணுகிறது. அந்தக் கணக்கில் எங்கள் முற்றம் மூன்று தனிக் குடும்பம். முற்றத்தில் தவழ்ந்த பிள்ளைக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

இதைச் சொல்வதால் ‘சேரியில் எவ்வளவு பாசம், எவ்வளவு ஒற்றுமை’ என்று யாரும் கண் கலங்க வேண்டாம். பாசம் இருந்தது. ஆனால் அந்த ஏற்பாட்டைப் பாசம் மட்டும் உருவாக்கவில்லை. தாய் தகப்பன் இருவரின் உழைப்பையும் முழுசாக எடுத்துக்கொண்ட பண்ணை, பிள்ளை வளர்க்கிற செலவை முற்றத்தின் மேல் தள்ளிவிட்டது. முற்றத்தில் அதைச் சுமந்தவர்கள் இரண்டு பேர்: முதுகு வளைந்து வயலுக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட கிழவி, வயலுக்கு இன்னும் ஆகவில்லை என்று விடப்பட்ட பெண்பிள்ளை. தாத்தாக்கள் பிள்ளை வைத்திருந்த கதையை நான் எங்கும் கேட்டதில்லை. மாடு வைத்திருந்த கதைதான் கேட்டிருக்கிறேன்.

என் அம்மா அந்தப் பெண்பிள்ளை. மூன்றாம் வகுப்பு படிக்கும்போது தம்பி பிறந்தான். அந்த ஐப்பசியில் நின்ற பள்ளிக்கூடம் பொங்கலுக்குப் பிறகும் திறக்கவில்லை, அம்மாவுக்கு. இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு ஒரு நாள் பள்ளிக்கூட ஜன்னலோரம் போய் நின்றாராம். தம்பி அழுததால் வாத்தியார் விரட்டிவிட்டார். “அவரு வெரட்டுனது தப்பில்ல, அவன் அப்புடிக் கத்துனான்” என்று அம்மா இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்கு அந்தச் சிரிப்பு வருவதில்லை.

சட்டம் இதைக் கவனிக்கவே இல்லையா என்று கேட்கலாம். வேறு இடங்களில் கவனித்திருக்கிறது. 1948-ன் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கும் அதையே சொன்னது. நடைமுறை வேறு கதை. ஆனாலும் வேலைக்கு வருகிற பெண்ணுக்குப் பிள்ளை இருக்கும், அதற்கு வேலை வாங்குகிறவன் பொறுப்பு என்று காகிதத்திலாவது ஒப்புக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே, 1952-ல், தஞ்சை மாவட்டத்துக்கென்றே பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. இராஜாஜி அரசு கொண்டுவந்தது. அதன் பின்னால் இருந்தது விவசாயச் சங்கத்தின் போராட்டம். கூலி, நிலத்தைவிட்டு வெளியேற்றுவது, பண்ணையாளை நீக்குவது ஆகியவற்றைப் பற்றியெல்லாம் அது பேசியது. ஒரு நடவு வயலில் எத்தனை பெண்கள் இறங்கினாலும், பிள்ளைக் காப்பகம் மட்டும் அதன் பேச்சில் வரவில்லை.

அந்தச் சட்டத்திலிருந்து தப்ப மிராசுதார்கள் பண்ணையாட்களைக் கழற்றிவிட்டுத் தினக்கூலிக்கு மாற்றினார்கள். அடிமை முறை தளர்ந்தது, அது பெரிய மாற்றம். அதோடு இன்னொன்றும் நடந்தது. மழை கொட்டுகிற நாளில் வேலை இல்லை, வேலை இல்லாத நாளில் கூலி இல்லை. நடவு முடிந்த கார்த்திகை, மார்கழியில் அடுத்த அறுப்புவரை வயிற்றைக் கட்ட வேண்டும். எங்கள் பக்கம் பிள்ளைகள் அதிகம் இளைத்தது கோடையில் அல்ல, வயல் முழுக்கப் பச்சையாக இருக்கும் இந்த மாதங்களில்தான் என்று அப்பாயி சொல்வார்.

அந்த நாட்களின் நினைவுகள் எல்லாமே துயரம் என்றும் சொல்ல முடியாது. வேலை இல்லாத மழை நாளில் மூன்று குடிசைப் பிள்ளைகளும் ஒழுகாத ஒரு குடிசையில் சேர்வார்கள். பையன்கள் வரப்பு வளையில் கைவிட்டு நண்டு பிடித்து வருவார்கள், பெண்கள் வாய்க்கால் ஓரம் ஆரைக்கீரை பறிப்பார்கள். புகை மண்டிய அடுப்பில் நண்டுச் சாறு கொதிக்கும்போது அத்தை கதை சொல்வார். கார்த்திகைத் தீபத்துக்குப் பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கித் துணியில் முடிந்து மாவலி சுற்றுவார்கள். அப்பா அதில் சட்டையைக் கருக்கிக்கொண்டு அடி வாங்கினார். அந்தச் சட்டை தீபாவளிக்குப் பண்ணையிலிருந்து வந்த துணியில் தைத்தது, அதனால்தான் அந்த அடி. தீபாவளித் துணியை மிராசுதாரின் தாராள மனசு என்று இன்றும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வருஷக் கூலியில் ஒரு பங்கு அது என்று அப்பாயிக்குத் தெரிந்திருந்தது.

முற்றமும் நம்முடையதாக இல்லை. மனை மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் வேலையோடு வீடும் போகும்; பிள்ளை பார்க்கிற கிழவியும் போவாள். 1961-ல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1971-ல்தான் குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. இவ்விரண்டு சட்டங்களுக்கும் இடையில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட சேரியில் 44 பேரை ஒரே குடிசையில் வைத்து எரித்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பெயர்களை வாசிக்கிறோம். அவர்களை ஒரு கூலிக் கோரிக்கையின் தியாகிகளாக மட்டும் வாசிக்கிறோம். தாயும் கிழவியும் பிள்ளைகளும் ஆபத்து வந்ததும் ஒரே குடிசைக்குள் ஓடிச் சேர்ந்தார்கள் என்பதில் எங்கள் முற்றத்தை நான் பார்க்கிறேன். சேரிக் குடும்பம் வரலாற்றுக்குள் பெயரோடு நுழைய எரிய வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய நாள் காலை அந்தப் பிள்ளைகளுக்கு யார் கஞ்சி ஊற்றினார்கள் என்பதும் வரலாறுதான்.

1971-க்குப் பிறகு மனை கைக்கு வந்தது. ஆனால் பிள்ளைகள் பெரியவர்களாகி, அவர்களுக்கும் அதே மனையில்தான் குடிசை. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரை கடந்தபோது, நிவாரணம் கொடுக்கும் குழு ஒன்றில் நானும் இருந்தேன். குடும்ப அட்டை ஒன்றுக்கு ஒரு பை. ஒரு முற்றத்தில் நான்கு அடுப்பு, பதினேழு உயிர், ஒரு அட்டை. கணக்கெடுப்பு அடுப்பைப் பார்த்துப் பிரித்தது, நிவாரணம் அட்டையைப் பார்த்துச் சேர்த்தது. இரண்டிலும் நட்டம் ஒரே ஆட்களுக்குத்தான். பட்டியலோடு நான் நின்றபோது, ஒரு பாட்டி மடியில் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து, “இதுல எது யாரு புள்ளன்னு கேக்காத, எல்லாத்துக்கும் பாலு பவுடர் வேணும்” என்றார்.

இடைப்பட்ட காலத்தில் மாற்றங்கள் வந்தன. 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவும் பால்வாடியும் எத்தனையோ அக்காக்களின் இடுப்பை விடுவித்தன. எங்கள் ஊரில் பால்வாடி ஊர்த்தெருவில் இருந்ததால், மழை நாளில் வாய்க்காலைத் தாண்டி எங்கள் பிள்ளைகளை அனுப்ப யோசிப்பார்கள். போன பிள்ளைகளுக்கும் தட்டு தனி. அது சேரிப் பக்கம் வர இன்னும் பல வருஷம் ஆனது. ஆனாலும் பிள்ளை பார்ப்பதை ஒரு வேலை என்று சொல்லி, கூலிப் பெண்ணுக்கு அதற்குக் கூலி கொடுக்கச் சொன்ன சட்டம், எனக்குத் தெரிந்து, 2005-ன் நூறு நாள் வேலைச் சட்டம்தான். பணியிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்க்க ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்கும் கூலி தர வேண்டும் என்று அதில் இருந்தது.

இதை அப்பாயியிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. “புள்ள வச்சிருந்ததுக்குக் காசா? யாரு குடுப்பா?” என்றார். சர்க்கார் என்றேன். கொஞ்ச நேரம் விரலை மடக்கி ஏதோ எண்ணினார். தன் பிள்ளைகள், கொழுந்தன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், நான், என் தம்பி. இருபத்து மூன்று வந்தது. அப்புறம், விட்டுப்போன ஒரு பெயர் ஞாபகம் வந்து, இருபத்து நாலு என்றார்.