பிணத்தைச் சுற்றி நின்றவர்கள்

நவீன ஓவிய வரலாற்றைப் பாரிஸ் பாணிகளின் பட்டியலாகவே நமக்குச் சொல்லித் தந்தார்கள். நாம் பெர்லினிலிருந்து தொடங்குவோம். 1919 ஜனவரி 15. தொழிலாளர் எழுச்சியை ஒடுக்கிய படையினர் ரோசா லக்சம்பர்க்கையும் கார்ல் லீப்னெக்ட்டையும் கொன்றார்கள். லீப்னெக்ட்டின் குடும்பத்தார் கேட்டுக்கொள்ள, பிணவறைக்குப் போய் அவரை வரைந்தார் கேத்தே கொல்விட்ஸ். 1914இலேயே போரில் மகனைப் பறிகொடுத்த தாய், கம்யூனிஸ்ட் அல்லர். தகட்டிலும் கல்லிலும் முயன்று நிறைவு கிட்டாமல், 1920இல் மரத்தில் செதுக்கி அச்செடுத்தார். தலைவரின் உடல் படத்தின் அடியில் வெளுத்துக் கிடக்கிறது. மேலே முழுக்கக் குனிந்த தொழிலாளர்கள், கனத்த கைகள், குழந்தையோடு ஒருத்தி. அஞ்சலிப் படமென்றால் தலைவரைப் பெரிதாக வரைந்தே பழகிவிட்டோம் (நம் சுவரொட்டிகளும் அப்படித்தான்). இவரோ துக்கப்படுகிறவர்களுக்கு இடம் கொடுத்தார். அந்தத் துயரத்தை வரையக் கட்சி உறுப்பினராக வேண்டும் என்பதை அவர் ஏற்கவில்லை.