சி.ஐ.டி. என்றொரு தமிழ்ச்சொல்

சென்னையில் தியாகராய நகரை ஒட்டி ஒரு குடியிருப்பு இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் ‘சி.ஐ.டி. நகர்’ என்றால் வழி கேட்காமல் கொண்டுபோய் இறக்கிவிடுவார். மயிலாப்பூர்ப் பக்கம் சி.ஐ.டி. காலனியும் உண்டு. இரண்டுக்கும் போலீசுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற நகர மேம்பாட்டு அமைப்பின் முதலெழுத்துகள் அவை. அந்த அமைப்பின் வேலைகளை 1961இல் வீட்டு வசதி வாரியம் எடுத்துக்கொண்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஆங்கிலத்தில் அதன் கடைசி எழுத்து வேறு, போலீசாரின் கடைசி எழுத்து வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘டி’தான். ஒரு வல்லினத்தின் இரண்டு ஒலிகளுக்கும் ஒரே எழுத்து வைத்திருக்கும் நம் நெடுங்கணக்கு இரண்டு பெயர்களையும் ஒன்றாக்கிவிட்டது. இப்படி ஒன்றானபோது மக்கள் மனத்தில் முந்தி நின்றது வீடு கட்டிக் கொடுத்த அமைப்பு இல்லை, வேவு பார்த்த ஆள். அந்த மூன்றெழுத்து எப்படி இவ்வளவு ஆழமாக வேர்விட்டது என்பதைத் தேடிப் போனதில் எழுந்தது இந்தக் கட்டுரை.

முதலில் வழக்கைப் பார்ப்போம். தெருவில் புது முகம் ஒன்று இரண்டு தடவை குறுக்கும் நெடுக்கும் நடந்தால், ‘யாரு, சி.ஐ.டி.யா?’ என்று திண்ணையில் இருந்தவர்கள் கேட்டதை நான் சிறுவனாக இருந்தபோது கேட்டிருக்கிறேன். பெரியவர்கள் பேச்சைக் கதவோரம் நின்று கேட்கும் பிள்ளைக்கு, ‘சி.ஐ.டி. வேல பாக்காத, போ’ என்ற அதட்டல் விழும். இந்த இரண்டு வாக்கியத்திலும் சி.ஐ.டி. என்பது ஒரு துறையின் பெயராக வரவில்லை. முதலாவதில் அது ஒரு மனிதன். இரண்டாவதில் ஒரு செயல். இரண்டிலுமே குற்றம் என்ற பேச்சு கிடையாது. திருட்டையோ கொலையையோ விசாரிக்க வரும் இன்ஸ்பெக்டரை எங்கள் பக்கத்தில் யாரும் சி.ஐ.டி. என்று சொன்னதில்லை. அவர் ‘போலீசு’தான். குற்றம் ஏதும் செய்யாதவனைப் பின்தொடர்பவனே சி.ஐ.டி.

ஆனால் அந்த மூன்றெழுத்தில் முதல் எழுத்தே குற்றம்தான். கிரிமினல் இன்வெஸ்டிகேஷன் டிபார்ட்மென்ட். இந்தப் பெயர் லண்டனில் 1878இல் பிறந்தது. அங்கே துப்பறியும் அதிகாரிகள் சிலரே மோசடிக்காரர்களோடு கைகோத்திருந்தது 1877இல் வழக்காகி அம்பலமானது. பழைய பிரிவைக் கலைத்து ஹோவர்ட் வின்சென்ட் என்பவரின் பொறுப்பில் புதிய பெயரோடு ஒன்றைத் தொடங்கினார்கள். அங்கே அது பெயருக்கு ஏற்ற வேலையைச் செய்தது. அரசியலைக் கண்காணிக்க, அயர்லாந்து விடுதலை வீரர்களை மனத்தில் வைத்து, 1883இல் தனியாக ‘ஸ்பெஷல் ஐரிஷ் பிராஞ்ச்’ என்ற கிளை எழுந்தது.

இந்தியாவில் கதை வேறு. இங்கே அரசியல் வேவின் முதல் வீடு கொள்ளைக்காரர்களுக்காகக் கட்டியது. வில்லியம் ஸ்லீமன் 1830களில் வழிப்பறிக் கொலைகாரர்களான தக்கர்களை ஒடுக்க ஓர் இலாகாவை வளர்த்தெடுத்தார். ‘தக்’ என்றால் இந்தியில் ஏய்ப்பவன். தகி, டகைட்டி (கொள்ளை) இலாகா என்று அதற்குப் பெயர். தக்கர்கள் ஒழிந்த பிறகும் இலாகா ஒழியவில்லை. 1887 டிசம்பரில் அரசியல் செய்திகளைத் திரட்டுவதற்கென்று ஒரு மையக் கிளையை அதற்குள்ளேயே வைக்க லண்டனிலிருந்து ஆணை வந்தது. அதே டிசம்பரில்தான் காங்கிரசின் மூன்றாவது மாநாடு பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் சென்னையில் கூடியது. மனு எழுதிக் கொடுப்பதைத் தாண்டாத வக்கீல்களும் பத்திரிகை ஆசிரியர்களும் கூடிய மாநாடுகள் அவை. அவர்களைப் பற்றிய செய்தி போய்ச் சேர்ந்த இடத்தின் வாசலில் வழிப்பறிக்காரர், கொள்ளைக்காரர் என்று பலகை தொங்கியது. இதைப் படித்தபோது எனக்கு உண்டான கசப்பு இன்னும் மாறவில்லை.

வைஸ்ராய் கர்சன் காலத்தில் 1902-03இல் அமர்ந்த போலீஸ் கமிஷன், மாகாணம்தோறும் ஒரு சி.ஐ.டி.யும் மையத்தில் ஒரு தலைமையகமும் வேண்டும் என்றது. 1904இல் தகி இலாகா போய், ‘டிபார்ட்மென்ட் ஆஃப் கிரிமினல் இன்டெலிஜென்ஸ்’ வந்தது. அதன் முதல் இயக்குநர் ஹெரால்ட் ஸ்டூவர்ட், சென்னை மாகாணப் பணியிலிருந்து போனவர். கள்ள நோட்டு, நாடோடிக் கொள்ளைக் கூட்டங்கள் என்று மாகாண எல்லை தாண்டும் குற்றங்களைத்தான் அது பார்க்கும் என்று சொன்னார்கள். மறு ஆண்டே வங்கம் பிரிந்தது. சுதேசி இயக்கம் மூண்டது. புதிய இலாகாவின் கண் முழுக்க அரசியல் பக்கம் திரும்பியது. பெயரிலிருந்த ‘கிரிமினல்’ மட்டும் அப்படியே இருந்தது. 1920இல் மைய அரசு அந்தச் சொல்லைக் கைவிட்டது; இலாகா ‘இன்டெலிஜென்ஸ் பியூரோ’ ஆயிற்று. மாகாணங்களில் அது போகவில்லை. நமக்கு வந்து சேர்ந்தது மாகாணப் பெயர்தான்.

இனி நம் பழஞ்சொற்களுக்கு வருவோம். வேவுக்குத் தமிழில் சொல் பஞ்சமே இல்லை. ஒற்று என்பது ஒட்டி நிற்பது. கண்ணீரை ஒற்றி எடுக்கிறோமே, அந்த ஒற்றுதான். தொல்காப்பியம் வெட்சித்திணையில் ‘வேய்’ என்று ஒரு துறையே வைத்திருக்கிறது. ஆநிரை இருக்குமிடத்தை முன்கூட்டி அறிந்து வருவது அது. வேவு என்ற சொல் அந்த வேரில் கிளைத்தது. உளவு, உள்ளே இருப்பதை அறிவது. இத்தனை இருந்தும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த புது ஆளுக்குத் தமிழர்கள் ஏன் பழைய பெயரைக் கொடுக்காமல் ஆங்கில முதலெழுத்துகளை எடுத்துக்கொண்டார்கள்?

அயல்மொழி மோகம் என்று சொல்லித் தாண்டிவிட முடியாது. ஒற்றனுக்கு நம் மரபில் ஒரு முறை இருந்தது. திருக்குறளில் ஒற்றாடல் ஓர் அதிகாரம். தன் வினையாளரையும் சுற்றத்தையும் பகைவரையும் ஒற்றால் அறிய வேண்டும் என்பது அதில் உண்டு. ஆகவே சொந்தக் குடியை வேவு பார்ப்பது நமக்குப் புதியதில்லை. ஆனால் ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும், மூவர் சொல் ஒத்தால்தான் நம்பலாம் என்ற கட்டுப்பாட்டையும் வள்ளுவர் அங்கேயே வைக்கிறார். தவறிப்போனால் என்ன ஆகும் என்பதற்குப் புறநானூற்றின் 47ஆம் பாட்டுக்குரிய குறிப்பே சான்று. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவனை ஒற்றன் என்று ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் போனான். கோவூர்கிழார் பாடித் தடுத்தார். புலவனுக்கும் ஒற்றனுக்கும் வேறுபாடு சொல்லக்கூடிய ஒருவர் அந்த அவையில் இருந்தார். அரசனும் காது கொடுத்தான்.

புதுச்சேரியில் கேட்க ஆளில்லை. 1908இல் பாரதியார் அங்கே போனார். ‘இந்தியா’ இதழும் பின்னாலேயே போனது. 1910 ஏப்ரலில் அரவிந்தரும் அந்த ஆண்டின் பிற்பகுதியில் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட பிறகு, பிரெஞ்சு மண்ணில் பிரிட்டிஷ் சி.ஐ.டி. ஆட்கள் வீடு வாடகைக்கு எடுத்துக் குடியே இருந்தார்கள். தெரு முனையில் நின்றார்கள், ரயிலடியில் நின்றார்கள், வந்தவர் போனவரை எழுதினார்கள். அந்நியர்கள் ஐந்து உள்ளூர்ப் பிரமுகர்களின் சான்று காட்ட வேண்டும் என்று பிரிட்டிஷார் பிரெஞ்சு அரசைச் சட்டம் போடவைத்தபோது, கலவை சங்கரச் செட்டியார் ஐந்து கையெழுத்தையும் திரட்டிக் கொடுத்து இவர்களைக் காப்பாற்றினார்.

அங்கே நடந்த ஒரு செயல் இந்தச் சொல்லின் பொருளை எனக்கு முழுதாக விளக்கியது. ஐயர் வீட்டுக் கிணற்றில் யாரோ ஒரு பாத்திரத்தைப் போட்டிருந்தார்கள். தண்ணீர் இறைத்தபோது அது மேலே வந்தது. உள்ளே சதித் திட்டம்போல் தோன்றும் தாள்களும் காளி படமும் இருந்தன. பிரெஞ்சுப் போலீசிடம் நாமே சொல்லிவிடுவோம் என்று பாரதியார் யோசனை சொல்ல, அப்படியே செய்தார்கள். அதன் பின்னும் சோதனை வந்தது. அரவிந்தர் வீட்டுக்கு வந்த பிரெஞ்சு நீதிபதி கிரேக்க, இலத்தீன் நூல்களைக் கண்டு வியந்து, சந்தேகம் தீர்ந்து திரும்பினார். இதை அந்தத் தலைமுறையின் வரலாற்றை எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். ஒற்றன் இருப்பதைக் கண்டு சொல்பவன். இல்லாததைக் கிணற்றில் போட்டுவிட்டுக் கண்டெடுக்க வருபவனுக்கு ஒற்றன் என்ற பெயர் பொருந்தாது. அவனுக்குத் தமிழில் பெயரே இருந்ததில்லை. ஆகவே அவன் கொண்டுவந்த பெயரையே அவனுக்குச் சூட்டினார்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஒற்றன் கொண்டுவந்த செய்தி அரசன் காதோடு முடிந்தது. சி.ஐ.டி. கொண்டுவந்தது தாளில் ஏறியது. 1908இல் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசியபோது, கூட்டத்தில் போலீசார் குறிப்பெடுத்தார்கள். அந்தக் குறிப்புகள் சாட்சியமாயின. ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனையாக 40 ஆண்டு விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது வேறு செய்தி. தமிழ் இதழ்களில் வந்தவற்றை வாரந்தோறும் ஆங்கிலத்தில் சுருக்கி அனுப்பும் ஏற்பாடும் அரசில் இருந்தது. இன்று அந்த இதழ்களில் பல பிரதிகள் கிடைப்பதில்லை. அந்த மேடைப் பேச்சுகளின் தமிழும் இல்லை. தூத்துக்குடி ஆலைத் தொழிலாளிகளைச் சிலிர்க்கவைத்த சொற்கள் எவை என்று அறிய வேண்டுமானால், போலீஸ் மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலத்திலிருந்து பின்னோக்கித் தமிழை ஊகிக்க வேண்டியிருக்கிறது. நாட்டுக்காகப் பேசியவனின் தாய்மொழிப் பேச்சு அழிந்து, அவனைப் பிடித்துக் கொடுத்தவனின் ஆங்கிலம் ஆவணமாக நிற்கிறது. ஆராய்ச்சியாளருக்கு அது பயன்படுகிறது என்பதற்காக அந்த இழப்பு சிறியதாகிவிடாது.

அந்தத் தாள்கள் வேறு சொற்களையும் நம்மிடையே விட்டுப் போயின. கண்காணிப்பில் இருந்தவர் ஒவ்வொருவருக்கும் ‘ஹிஸ்டரி ஷீட்’ திறந்தார்கள். இன்று நாளிதழ்களில் அடிக்கடி காணும் ‘சரித்திரப் பதிவேடு குற்றவாளி’ அதன் நேர் மொழிபெயர்ப்பு. சரித்திரம் என்ற பெருஞ்சொல் ரவுடிக்கு அடைமொழியாக வருவதற்குக் காரணம் இந்தக் கோப்புதான். சீருடை இல்லாமல் வருவது ‘மப்டி’. இஸ்லாமிய மார்க்கத் தீர்ப்பு வழங்கும் அறிஞரான முஃப்தியின் பெயர் ஆங்கிலேயப் பட்டாளத்தில் சாதாரண உடைக்கு ஆகி, அங்கிருந்து நம் ஊர்க் காவல் நிலையத்துக்கு வந்து சேர்ந்தது.

விடுதலைக்குப் பிறகு சி.ஐ.டி. மீதிருந்த வெறுப்பு மெல்லக் கரைந்தது. 1968இல் ‘ரகசிய போலீஸ் 115’, 1970இல் ‘சி.ஐ.டி. சங்கர்’ என்று திரைப்படங்கள் அவனை வீரனாக்கின. அந்நிய ஆட்சியில் கைகாட்டிய ஆள், நம் ஆட்சியில் நாட்டைக் காப்பவன் ஆனான். சொல்லின் நிறம் மாறிய வேகம் வியப்புக்குரியது.

அரசின் கலைச்சொற்கள் வேறு வழியில் போயின. சி.ஐ.டி. ‘குற்றப் புலனாய்வுத் துறை’ ஆனது. மக்கள் வாய் உதிர்த்துவிட்ட குற்றத்தை மொழிபெயர்ப்பு மறுபடி ஒட்டியது. ‘இன்டெலிஜென்ஸ்’ நுண்ணறிவு ஆனது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குச் செய்தி, தகவல் என்ற பழம்பொருளும் உண்டு. உளவு அமைப்புகளுக்கு வைத்தது அந்தப் பொருளில். தமிழில் நுண்ணறிவு என்றால் கூர்மதி மட்டுமே. இன்று செயற்கை நுண்ணறிவும் போலீஸ் நுண்ணறிவுப் பிரிவும் ஒரே சொல்லால் நடக்கின்றன. இது பிழையான ஆக்கம் என்பது என் முடிவு. பத்திரிகைகள் எழுதும் ‘உளவுத்துறை’யே சரியானது.

பெயர் வைத்தவர்கள் அரசியலைக் குற்றம் என்றார்கள். பெயரைக் கேட்டவர்கள் அந்தக் குற்றத்தை மட்டும் கீழே போட்டுவிட்டு, ஒளிந்து பார்ப்பவன் என்ற பொருளை வைத்துக்கொண்டார்கள். எந்தத் தமிழாசிரியரும் சொல்லிக் கொடுத்து இது நடக்கவில்லை. சுதேசி காலத்தில் கூட்டத்துக்குப் போய், மூலையில் குறிப்பெடுத்தவனை அடையாளம் கண்டுகொண்ட எளியவர்கள் செய்த பொருள் திருத்தம் இது.

தமிழ் அகராதி தொகுப்பவர்கள் சி.ஐ.டி.யைத் துறையின் சுருக்கப் பெயராக மட்டும் எழுதி நிறுத்திவிடக் கூடாது. ஆளைக் குறிக்கும் பொருளையும் ‘சி.ஐ.டி. வேலை’ என்ற வழக்கையும் அதனோடு சேர்க்க வேண்டும். இதைப் படிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தொண்ணூறு வயதைக் கடந்தவர்கள் இருந்தால், அவர்கள் சிறுபிராயத்தில் வெள்ளைக்காரன் போலீசுக்குக் காட்டிக்கொடுத்தவனை ஊரார் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று கேளுங்கள். கேட்டதை, ஊர்ப் பெயரோடு, அவர்கள் சொன்ன உச்சரிப்பிலேயே எழுதி வையுங்கள்.