பெயரில் மட்டும் இந்தியா: முசௌரியின் கருநிற ட்ரஃபிள்

1892ஆம் ஆண்டில் 'கிரெவில்லியா' என்னும் ஆங்கிலேயப் பூவாத்தாவரவியல் இதழில், இமயமலையின் முசௌரிப் பகுதியில் கிடைத்த ஒரு நிலத்தடிக் காளானுக்கு 'ட்யூபர் இண்டிகம்' என்று பெயரிடப்பட்டது. மாதிரியைச் சேகரித்தவர் சகாரன்பூர் தாவரவியல் தோட்டத்தோடு தொடர்புடைய ஜான் ஃபெர்மிங்கர் டத்தி. பெயரிட்டவர்கள் கியூ தோட்டத்தின் பூஞ்சையியலாளர்களான மொர்டெகாய் கியூபிட் குக், ஜார்ஜ் மாசி ஆகிய இருவர். சேகரித்த இடம் இந்தியா. ஆராய்ந்த இடமும் மூலமாதிரி தங்கிய இடமும் இலண்டன். குடியேற்றக் காலத் தாவரவியலின் வழக்கமான பயணம் இது. ஆயினும் இக்காளானின் பிற்கால வரலாறு வழக்கமானதன்று.

ட்ரஃபிள் மண்ணுக்கடியில் முதிரும் பூஞ்சைக்கனி. குடையும் தண்டும் இல்லாததால் காற்றில் வித்துகளைத் தூவ இயலாது. மணத்தால் விலங்குகளை ஈர்த்து, அவை உண்டு கழிப்பதன் வழியே பரவுகிறது. ட்யூபர் இண்டிகத்தின் புறத்தோல் கரும்பழுப்பு முதல் கருமை வரையிலானது; அதன்மேல் தாழ்வான கூம்பு வடிவப் பருக்கள் நெருங்கி அமைந்திருக்கும். முதிர்ந்த உட்சதை கருமையடைய, வெண்ணரம்புகள் அதனூடே பளிங்குக் கோடுகள் போல ஓடும். நுண்ணோக்கியில் வித்துப்பைகளைக் காணலாம். பைப்பூஞ்சைகளில் பொதுவாக ஒரு பைக்கு எட்டு வித்துகள் அமையும். இங்கு அவ்வெண்ணிக்கை குறைவு. ஒவ்வொரு வித்தின் மேலும் முட்கள் உண்டு.

இவ்வருணனையின் பெரும்பகுதி பிரான்சின் புகழ்பெற்ற பெரிகோர் கறுப்பு ட்ரஃபிளுக்கும் பொருந்தும். 1831இல் இத்தாலியரான கார்லோ விட்டாடினி 'ட்யூபர் மெலனோஸ்போரம்' என்று விவரித்த இனம் அது. இரண்டும் நெருங்கிய உறவினங்கள். பருக்களின் உயரம், வித்து முட்களின் அமைப்பு ஆகியவற்றில் வேறுபாடுகள் உண்டு. அவற்றைத் துணிந்து கூறப் பயிற்சி பெற்ற கண் வேண்டும். மணத்திலோ வேறுபாடு வெளிப்படை: ஆசிய இனத்தின் மணம் மிக மெலிது.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் இவ்வேறுபாடு வகைப்பாட்டியலாளரின் கவலையாக மட்டுமே இருந்தது. இக்காளான் தென்மேற்குச் சீனத்தின் யுன்னான், சிச்சுவான் மலைகளிலும் விளைகிறது. அங்கு 'பன்றி கிளறும் காளான்' என்பது அதன் நாட்டுப்பெயர். 1990களில் அது ஐரோப்பியச் சந்தையைப் பேரளவில் அடைந்தது. விலையோ பெரிகோர் வகையினும் பன்மடங்கு குறைவு. ஒன்றின் பெயரில் மற்றொன்றை விற்கும் மோசடிகள் எழுந்தன. விற்பனைக்குரிய இனங்களைப் பட்டியலிடும் இத்தாலியின் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு இடமில்லை.

வணிகத்தைவிட ஆழமான அச்சம் ஒன்று இருந்தது. ட்ரஃபிள் வளர்ப்பை ஆராயுமாறு பிரஷ்ய அரசால் பணிக்கப்பட்ட ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க், 1885இல் மரவேரும் பூஞ்சையும் இணைந்த உறுப்புக்கு 'மைக்கோரைசா' என்று பெயரிட்டார். அவ்வுறவு நாற்றிலேயே தொடங்கிவிடுவதால், தவறான இனம் ஏற்றப்பட்ட நாற்றை நட்டவர் பல ஆண்டுகள் கழித்தே உண்மையை அறிவார். இத்தாலியின் பியெத்மோந்தில் உள்ள ஒரு தோட்டத்து மண்ணில் ஆசிய இனம் வேரூன்றியிருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் வெளியிட்டபோது அவ்வச்சம் மெய்யானது.

இதற்கிடையே பெயரே சிக்கலாயிற்று. 1988இல் இமயமலை மாதிரிகளிலிருந்து 'ட்யூபர் ஹிமாலயன்சே', 1989இல் சீனத்திலிருந்து 'ட்யூபர் சினென்சே' எனப் புதிய இனங்கள் முன்மொழியப்பட்டன. இவை தனி இனங்களா, ஒன்றன் வேறுபாடுகளா என்று அறிஞர் கருத்து பிளவுபட்டது. சீன மாதிரிகளின் மரபணு ஆய்வுகள் ஒரே பெயரின்கீழ் குறைந்தது இரண்டு மரபுக்கிளைகள் இருப்பதைக் காட்டின. பெயரிடல் விதிகளின்படி, 'இண்டிகம்' என்னும் பெயர் மூலமாதிரி எந்தக் கிளையைச் சார்ந்ததோ அதற்கே உரியது. அம்மாதிரியோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலர்த்தப்பட்டது.

ஆகவே இத்தாலியத் தோட்டத்தில் வேரூன்றிய அயல் பூஞ்சைக்கு எப்பெயர் சரி என்னும் கேள்வி கூட முசௌரியின் மலைச்சரிவுகளுக்கே திரும்புகிறது. அங்கு மீண்டும் கிடைக்கும் புதிய மாதிரிகள், சீன ஆய்வகங்களும் ஐரோப்பியச் சட்டங்களும் தீர்க்க இயலாத வழக்கில் சாட்சியாகக்கூடும். இந்தியாவின் பெயரைத் தாங்கிய ஓர் இனத்தை அதன் பிறப்பிடத்திலேயே தேடும் பணி இந்தியப் பூஞ்சையியலுக்குரியது.