பந்தய பெட்ரோலின் நூறாண்டுப் பயணம்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள டேட்டன் நகரம். 1921 டிசம்பர் 9. இன்ஜினில் எழும் 'கடகட' சத்தத்தை அடக்க என்ன கலக்கலாம் என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி ஆண்டுக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தார். அன்று டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைத் துளியளவு கலந்து ஓட்டியதும் சத்தம் அடங்கிவிட்டது. இன்று பந்தயத் திடல்களில் டின் டின்னாக விற்கும் 110 ஆக்டேன் பெட்ரோலின் வம்சம் அங்கேதான் தொடங்குகிறது.

அந்தச் சத்தத்துக்குப் பெயர் நாக்கிங். பிஸ்டன் மேலே ஏறி, பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை அழுத்துகிறது. ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் தீ ஒரு பக்கமிருந்து சீராகப் பரவ வேண்டும். அழுத்தமும் சூடும் எல்லை மீறினால், தீ வந்து சேருமுன்பே ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடிக்கிறது. அந்த அடி தொடர்ந்தால் பிஸ்டனே ஓட்டையாகும். ஒரு பெட்ரோல் அழுத்தத்தின்கீழ் அவசரப்பட்டு எரியாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் ஆக்டேன் எண் சொல்கிறது. அந்த பெட்ரோலில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதற்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை.

1923 பிப்ரவரியில் டேட்டனில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் முதல் மூன்று இடங்களைப் பிடித்த கார்களும் இதை ஊற்றித்தான் ஓடின. ஜெயித்த காரின் பெட்ரோலை ஊற்றினால் நம் காரும் பறக்கும் என்ற ஆசைக்கு அன்றே விதை விழுந்துவிட்டது.

ஈயத்துக்குக் கொடுக்க வேண்டிய விலையும் சீக்கிரமே தெரிந்தது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்களுக்குப் புத்தி பேதலித்தது. ஐந்து பேர் இறந்தார்கள். அதே மாதம் மிட்ஜ்லி பத்திரிகையாளர்கள் முன்னால் அந்தத் திரவத்தில் கை கழுவிக் காட்டி, ஆபத்தில்லை என்றார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவரே ஈய நஞ்சால் பாதிக்கப்பட்டு ஓய்வெடுத்திருந்தார்.

பிறகு ஈய பெட்ரோல் வானேறியது. 1940இல் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானங்களுக்கு 100 ஆக்டேன் கிடைத்தபோது, அவற்றின் மெர்லின் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜரின் அழுத்தத்தை 6 பவுண்டிலிருந்து 12 பவுண்டுக்கு ஏற்ற முடிந்தது. இடம் கொடுத்தது பெட்ரோல். பலத்தை எடுத்தது இன்ஜின். அழுத்தத்தை ஏற்றாமல் பெட்ரோலை மட்டும் மாற்றியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

சாலையில் ஈய பெட்ரோலின் காலம் முடிந்தது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரால். புகையின் நச்சைக் குறைக்க 1975 மாடல் அமெரிக்கக் கார்களில் அது பரவலாக வந்தது. உள்ளே தேன்கூடு போன்ற நுண்துளைகள். அவற்றின் சுவரில் பிளாட்டினம் பூச்சு. புகையில் வரும் ஈயம் அந்தப் பூச்சின் மேல் படிந்து அதைச் செயலிழக்க வைத்துவிடும். அதனால் புதுக் கார்களின் பெட்ரோல் டேங்க் வாயையே குறுக்கினார்கள். ஈய பெட்ரோல் பம்ப்பின் தடித்த குழாய் அதற்குள் நுழையாது. 1996இல் அமெரிக்கச் சாலைகளில் ஈய பெட்ரோலுக்கு முழுத் தடை வந்தது. 2021இல் கடைசி நாடாக அல்ஜீரியாவும் நிறுத்தியது. ஆனால் அமெரிக்கத் தடையிலிருந்து பந்தயத் திடலுக்கு விலக்கு இருந்தது. அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயம்கூட 2007இல்தான் ஈயமில்லா பெட்ரோலுக்கு மாறியது.

குழாய் நுழையாத அந்த வாய்க்குள் டின்னும் புனலும் வைத்தால் எதுவும் இறங்கும். ஈயம் கலந்த 110 ஆக்டேன் தெருவில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்குள் இன்றும் போவது அப்படித்தான். 2008 மாடல் கார்வெட்டை எடுத்துக்கொள்வோம்: 6.2 லிட்டர் இன்ஜின், கலவையை அழுத்தும் விகிதம் (கம்ப்ரெஷன்) 10.7க்கு 1. அமெரிக்க பங்க்குகளின் சாதாரண பிரீமியமே அதற்குப் போதும். நாக்கிங் வந்தால் பொறி விடும் நேரத்தைத் தள்ளிப்போட அதன் கம்ப்யூட்டருக்குத் தெரியும்; ஆனால் நாக்கிங் வராதபோது, தனக்கு எழுதிவைத்த எல்லையைத் தாண்டி முன்னே போகாது. ஆகவே 110 ஊற்றினால் கூடுதல் பலம் கிடைக்காது. பர்ஸ் காலியாகும், ஆக்சிஜன் சென்சார் கெடும், கன்வெர்ட்டர் போகும், ஈயம் ஊர்க் காற்றில் கலக்கும்.

டர்போ அழுத்தத்தை ஏற்றி, கம்ப்யூட்டரையும் அதற்கேற்ப ட்யூன் செய்த காருக்கு உயர் ஆக்டேன் உண்மையிலேயே தேவை. அதற்கு ஈயமில்லாத 100 ஆக்டேன் பந்தய பெட்ரோலே கிடைக்கிறது. எண்ணைப் பார்க்கும்போது மட்டும் கவனம் வேண்டும். அமெரிக்க பங்க்கில் எழுதியிருப்பது ரான், மான் என்ற இரண்டு ஆக்டேன் அளவீடுகளின் சராசரி. இந்தியாவில் எழுதுவது ரான் மட்டும். அங்கே 93 என்பது இங்கே ஏறத்தாழ 98. இந்தக் கணக்குத் தெரியாவிட்டால் தேவைக்கு மேலோ கீழோ ஊற்ற நேரிடும்.

பெட்ரோல் மூடியைத் திறந்தால் பெரும்பாலும் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். காரைச் செய்தவர்கள் சோதித்துப் பார்த்து எழுதிய எண் அது. நேசித்து வாங்கிய காருக்கு அந்த எண்தான் சரியான தீனி. ஈய பெட்ரோல் டின்னுக்குத் தெருவில் வேலையே இல்லை.