குன்றத்தூர்ச் சேக்கிழாரும் ஒரு வயிற்று வலியும்

குன்றத்தூர் என்றதும் மலைமேல் இருக்கும் முருகன் கோயில்தான் பலருக்கும் நினைவு வரும். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊரும் அதுதான். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழனுக்கு அமைச்சராக இருந்தவர். அவர் கட்டியதாகச் சொல்லப்படும் திருநாகேஸ்வரம் கோயில் இன்றும் ஊருக்குள் இருக்கிறது. ஆனால் இங்கே பார்க்கப்போவது அவர் எழுதிய ஒரு நோயாளியின் கதை!

அந்த நோயாளி 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருநாவுக்கரசர். தருமசேனர் என்ற பெயரில் சமண மடத்தில் பெரிய நிலையில் இருந்தபோது அவருக்குச் சூலை நோய் வந்தது. துறவிகள் மந்திரித்த நீரைக் குடிக்கக் கொடுத்தார்கள், மயில்பீலியால் தடவினார்கள். வலி கூடியதே தவிரக் குறையவில்லை. சமையல்காரரைத் தமக்கை திலகவதியாரிடம் தூது அனுப்பினார். சமணர் மடத்துக்கு வரமாட்டேன் என்று அக்கா மறுத்துவிட்டார். கடைசியில் தம்பியே இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து, திருநீறு பூசிப் பாடி, வலி தீர்ந்தார் என்பது கதை. (சேக்கிழார் சைவர், அதுவும் 500 ஆண்டுகள் கழித்து எழுதியவர். சமணர் வைத்தியம் தோற்றதை அவர் சொல்வதில் ஒரு சாய்வு இருக்கத்தானே செய்யும்?)

சரி, அது என்ன நோய்? அல்சரா, குடல்வால் அழற்சியா, சிறுநீரகக் கல்லா? பதில் கிடைக்காது. ஏனென்றால் சூலை என்பது குத்தும் வலிக்குப் பெயர். வலியின் காரணத்துக்குப் பெயர் அல்ல. வயிற்றுக்குள்ளே எட்டிப் பார்க்க முடியாத காலத்தில் பல நோய்களுக்கு அந்த ஒரு சொல்தான் இருந்தது.

அப்படி மறைந்து கிடந்த நோய்களில் ஒன்று டைவர்டிகுலர் நோய். பெருங்குடலின் தசைச் சுவரில் இரத்தக் குழாய்கள் நுழையும் இடங்கள் சற்று பலவீனமானவை. வயதாக ஆக அந்த இடங்களில் உள்சவ்வு பட்டாணி அளவில் சிறு பைகளாக வெளியே பிதுங்குகிறது. பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒரு தொல்லையும் இல்லை. சிலருக்கு மட்டும் பை வீங்கிச் சீழ் பிடிக்கும், இரத்தம் கசியும், ஓட்டை விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு மருத்துவர் குருவேய்யே இந்தப் பைகளைப் பற்றி விளக்கி எழுதினார். 20-ஆம் நூற்றாண்டில் பேரியம் எக்ஸ்ரே வந்த பிறகுதான் உயிரோடு இருப்பவரின் குடலில் அவற்றைப் பார்க்க முடிந்தது. அப்போதெல்லாம் இந்த நோய்க்குச் சக்கை இல்லாத உணவுதான் பத்தியம்.

அதைத் தலைகீழாக்கியவர்கள் பெயின்டரும் பர்கிட்டும். பர்கிட் உகாண்டாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர். நார்ச்சத்து நிறைய உண்ணும் ஆப்பிரிக்கக் கிராமங்களில் இந்த நோய் அரிது, தீட்டிய மாவு உண்ணும் பிரிட்டனில் சாதாரணம் என்று 1971-இல் இருவரும் எழுதினார்கள். பத்தியம் மாறியது, தவிடே மருந்தானது! நம் ஊர்க் கம்பங்கூழுக்குக் கிடைத்த நற்சான்று மாதிரி இருக்கிறது அல்லவா? ஆனால் கணக்கு அவ்வளவு சுலபமாக முடியவில்லை. 2012-இல் அமெரிக்காவில் கொலோனோஸ்கோபி செய்துகொண்ட இரண்டாயிரத்துக்கும் அதிகமானவர்களை ஆராய்ந்தபோது, நார்ச்சத்து அதிகம் உண்டவர்களுக்குப் பைகள் குறைவாக இல்லை. ஆனால் பைகள் வீங்கித் தொல்லை தருவதை நார்ச்சத்து குறைக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டுகின்றன. கொட்டைகளும் விதைகளும் பைக்குள் சிக்கிக்கொள்ளும் என்று விலக்கி வைத்தார்களே, அதுவும் 2008-இல் வந்த ஆய்வில் பொய்த்துப் போனது.

இன்னொரு விந்தை. மேல்நாட்டவருக்கு இந்த வலி பெரும்பாலும் அடிவயிற்றின் இடப்பக்கம். ஆசியர்களில் பலருக்குப் பைகள் வலப்பக்கம் தோன்றுகின்றன. அதனால் குடல்வால் அழற்சி என்று நினைத்து அறுவை செய்து, வயிற்றைத் திறந்த பிறகு உண்மை தெரிந்ததும் உண்டு. இன்று அந்த வேறுபாட்டைக் கத்தி வைக்காமலே காட்டிவிடுவது சி.டி. ஸ்கேன்.