பொலிகுதிரை யாருடையது?

மோர்னிங்சைட்டில் இரவு வேலையின் இடைவேளை ஒன்றில், பண்ணையில் வளர்ந்த கனேடியத் தொழிலாளி ஒருவர் குதிரை வாங்கும் விதத்தை எனக்கு விளக்கினார். ஏறிச் செல்லவும் வண்டி இழுக்கவும் உழவும் ஒரே குதிரை வேண்டுமானால் அழகைப் பார்க்கக் கூடாது. காலையும் குணத்தையும் பார்க்க வேண்டும். பொலிகுதிரையைத் தெரிவதில் இன்னும் கவனம் தேவை. பெட்டை வருடத்துக்கு ஒரு குட்டிதான் ஈனும். பொலிகுதிரையோ ஒரே பருவத்தில் பல குட்டிகளுக்குத் தகப்பனாகிவிடும். அதன் குறையும் ஊரெங்கும் பரவும்.

முன்பு வரலாறு கற்பித்தவன் நான். அன்றிரவு எனக்குப் பாண்டியரும் நெடுந்தீவும் நினைவுக்கு வந்தன.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில், கீஷ் தீவு வணிகர் ஆண்டுக்கு 1400 குதிரைகளைப் பாண்டியருக்கு அனுப்ப உடன்பட்டதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதினார். ஒரு குதிரைக்கு விலை 220 பொன் தினார். வழியில் இறந்ததற்கும் அதே விலை. அக்காலத்தில் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, நல்ல பொலிகுதிரையையும் நல்ல பெட்டையையும் சேர்த்தாலும் அங்கு கோணற்கால் குட்டியே பிறக்கும் என்றார். குதிரை பராமரிக்கத் தெரிந்தவர் அந்நாட்டுக்குச் செல்லாதபடி வணிகர்கள் பார்த்துக்கொண்டனர் என்பதும் அவர் குறிப்பே. இவ்விறக்குமதியைப் பாண்டியரின் செல்வத்துக்குச் சான்றாகவே பல வருடங்கள் கற்பித்தேன். அது அறிவின் வறுமைக்கும் சான்று என்பதை நான் மாணவருக்குச் சொல்லவில்லை.

ஆனால் நமது மண்ணில் குதிரை வளராது என்ற முடிவு தவறு. நெடுந்தீவில் போர்த்துக்கேயர் விட்ட குதிரைகளை, 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் பெருக்கினார்கள். யாழ்ப்பாணத் தளபதி சுவார்தெக்ரோன் 1697இல் எழுதிய நினைவேட்டில் தீவுகளின் குதிரை வளர்ப்பும் ஒரு நிர்வாக விடயம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோலன் என்ற பிரித்தானிய அதிகாரி அதை நடத்தினார். இலாபம் குன்றியதும் அரசு கைவிட்டது; எஞ்சியவை காட்டுக் குதிரைகளாயின. நோலனின் பெயர் எஞ்சியது. புல்லும் தண்ணீரும் கொடுத்தவர்களின் பெயர்களை நமது பாடநூல்கள் அறியா.

இதே நூற்றாண்டுகளில் கனடாவில் நடந்ததை ஒப்பிடுவோம். 1665இல் பதினான்காம் லூயி மன்னன் பிரெஞ்சுக் குடியேற்றத்துக்குக் குதிரைகளை அனுப்பினான். அவை குடியேறிகளிடம் நிபந்தனையோடு கொடுக்கப்பட்டன. சில ஆண்டுகளில் ஒரு குட்டியை அரசுக்குத் திருப்பித் தர வேண்டும். குதிரையும் அதனைத் தெரிந்து வளர்க்கும் அறிவும் விவசாயியின் கொட்டிலுக்குள் வந்தன. உழவுக்கும் வண்டிக்கும் சவாரிக்கும் உதவிய அந்த இனத்தைக் கனேடிய நாடாளுமன்றம் 2002இல் தேசியக் குதிரையாக ஏற்றது. ஆதிக்குடிகளின் நிலத்தைப் பறித்துத்தான் அந்தக் கொட்டில்கள் எழுந்தன என்பதையும் மறக்கலாகாது.

வரட்சியே நெடுந்தீவின் பிரச்சினை, உடைமையல்ல என்று நண்பர்கள் வாதிடலாம். வரட்சி ஒல்லாந்தர் காலத்திலும் இருந்தது. அன்று குதிரைக்குப் பொறுப்பாளி இருந்தான். ஆனால் அவன் தீவான் அல்லன். பொறுப்பாளி போனதும் பொறுப்பும் போயிற்று.

2015இல் குதிரைகள் மேயும் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எனினும் கோடையில் தண்ணீரின்றிக் குதிரைகள் இறக்கவே செய்தன. புலம்பெயர்ந்த நாம் அங்கு தண்ணீர்த் தொட்டி கட்டப் பணம் அனுப்பலாம்; அது நல்லதே. ஆனால் தொட்டியை யார் நிரப்புவது, மந்தையை எப்படிப் பேணுவது என்ற முடிவுகள் தீவு மக்களின் கையில் இல்லாவிட்டால், பாண்டியன் செய்ததையே நாமும் செய்கிறோம்: விலை கொடுக்கிறோம், அறிவை வளர்க்கவில்லை.